மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் வீட்டில் சர்க்கரையைக் கண்காணிப்பது எப்படி: காலையில் மட்டும் பார்த்தால் போதாது

என் அண்ணனுக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி ஏழாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வாரமும் காலையில் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 94, 98, 91 என்றே வந்தது. சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினினும் நல்ல அளவில் நின்றது. இவருக்குச் சர்க்கரை நோய் இல்லை என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்க எடுத்த குளுக்கோமீட்டரில், புது ஊசி மாற்றி, அண்ணனுக்கும் ஒரு துளி பார்த்தபோது 271 காட்டியது. கையைக் கழுவிவிட்டு மறுபடி பார்த்தோம், 264. மறுநாள் காலை வெறும் வயிற்றில் மீண்டும் 97. கருவியில்தான் கோளாறு என்று நினைத்து மருத்துவரிடம் எடுத்துச் சென்றோம். அவர் கருவியைப் பார்க்கவே இல்லை. மாத்திரைச் சீட்டைப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் மாலையில் ஏன் பார்க்கவில்லை என்றுதான் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இல்லை. மாற்றுச் சிறுநீரகம் பெற்று இப்போதுதான் வீடு திரும்பியிருப்பவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் அதே இடத்தில் தடுமாறக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். எந்த மருந்தைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பதெல்லாம் உங்கள் சிறுநீரக மருத்துவரின் முடிவு. சரியான நேரத்தில், சரியான முறையில் எடுத்த எண்ணை அவர் கையில் கொடுப்பது வீட்டின் வேலை.

முதலில், ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதிய உறுப்பை உடல் அந்நியப் பொருளாகக் கருதித் தாக்காமல் இருக்க, பெரும்பாலானவர்களுக்கு மூன்று மருந்துகள் தரப்படுகின்றன: டாக்ரோலிமஸ், மைகோஃபினோலேட், ப்ரெட்னிசோலோன். இவற்றில் மைகோஃபினோலேட் சர்க்கரையைப் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. டாக்ரோலிமஸ், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களின் வேலையை மந்தப்படுத்துகிறது. ஸ்டீராய்டு மருந்தான ப்ரெட்னிசோலோன், சுரக்கின்ற இன்சுலினுக்கும் தசையும் கல்லீரலும் சரியாகக் கட்டுப்படாதபடி செய்வதோடு, பசியையும் கிளப்பிவிடுகிறது. இரண்டும் ஒன்றாகச் சேரும்போது, அறுவைக்கு முன் சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் அது புதிதாக வரலாம். சிறுநீரகம் பெற்றவர்களில் ஏறக்குறைய 10 முதல் 30 சதவீதம் பேருக்கு இப்படி வருவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. கல்லீரல், இதயம், நுரையீரல் பெற்றவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. நான் அருகிருந்து அறிந்தது சிறுநீரகம் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

வயது நாற்பதைத் தாண்டியவர்கள், உடல் எடை கூடியவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ சர்க்கரை உள்ளவர்கள், ஹெபடைட்டிஸ் சி தொற்று உள்ளவர்கள் ஆகியோர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நம் நாட்டில் குடும்ப வரலாறு இல்லாத வீட்டைக் காண்பதே அரிது: 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த காலத்தில் தமக்குச் சர்க்கரை தானாகவே போய்விட்டது என்று சொல்கிறவர்கள் பலர். இன்சுலினைச் சிதைத்து வெளியேற்றும் வேலையில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது செயலிழந்த காலத்தில் இன்சுலின் உடலில் நெடுநேரம் தங்குவதாலும், சாப்பாடு குறைவதாலும் சர்க்கரை இறங்கிக் காட்டும். புதிய சிறுநீரகம் நன்றாக வேலை செய்யத் தொடங்கியதும் பழைய சர்க்கரை திரும்பி வரும். முன்பைவிடக் கூடுதலான இன்சுலினும் தேவைப்படலாம். ஆகவே முன்பு எப்போதாவது சர்க்கரை இருந்திருந்தால், அதை அறுவைக்கு முன்பே மருத்துவக் குழுவிடம் சொல்லிவிடுங்கள்.

அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம்

அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், அதிகப் பசி ஆகிய மூன்றையும்தான் சர்க்கரையின் அடையாளமாக எல்லோரும் சொல்வார்கள். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரிடம் இந்த மூன்றும் வேறு காரணங்களாலேயே இருக்கும். நாளைக்கு இத்தனை லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். பல மாதங்களாகச் சிறுநீரே கழிக்காதவர் இரவில் நான்கு முறை எழுந்து போவதைக் கண்டு வீடே மகிழ்ந்திருக்கும். பசியோ ஸ்டீராய்டின் வேலை. எனவே உடம்பு காட்டிக் கொடுக்கும் என்று இருந்துவிடாமல் அளந்து பார்ப்பது ஒன்றே வழி. பார்வை திடீரென மங்குவது, பிறப்புறுப்பில் அரிப்பு, வாயில் வெண்மையான படலம், திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்று ஆகியவை இருந்தால் மட்டும் அட்டவணைக்குக் காத்திராமல் அன்றே சர்க்கரையைப் பாருங்கள்.

எந்த நேரத்தில் பார்ப்பது

எங்கள் வீட்டில் தவறியது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ப்ரெட்னிசோலோனைப் பெரும்பாலும் காலை உணவோடு ஒரே வேளையாகக் கொடுக்கிறார்கள். அது சர்க்கரையை ஏற்றும் வேகம் மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்குப் பிறகே கூடுகிறது. மதியம் தொடங்கி முன்னிரவு வரை உச்சத்தில் இருந்து, இரவு முழுவதும் சாப்பிடாமல் இருக்கும்போது மெல்லத் தணிகிறது. விடியற்காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கும்போது அந்த வேகம் அடங்கியிருக்கும். அதனால் மாலையில் 260 இருக்கிற ஒருவருக்குக் காலையில் 95 வருவதில் வியப்பில்லை. பல லேப்களில் ‘சாப்பிட்ட பின்’ என்று எடுப்பது காலைச் சிற்றுண்டிக்கு இரண்டு மணி நேரம் கழித்து, அதாவது பத்தரை மணி வாக்கில். மாத்திரை போட்டதே எட்டரை மணிக்கு என்றால் அந்த எண்ணும் முழு உண்மையைச் சொல்லாது.

ஆகவே வீட்டுக்கு வந்த முதல் நாளிலிருந்தே நாளுக்கு இரண்டு முறை பார்க்கும் பழக்கத்தை, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, தொடங்கிவிடுவது நல்லது. ஒன்று, காலையில் எழுந்ததும் காப்பிகூடக் குடிக்காமல். மற்றொன்று, மதியச் சாப்பாட்டின் முதல் கவளம் வாய்க்குப் போன நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து. சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து கணக்கிட வேண்டாம். இடையில் பிஸ்கட்டோ பழமோ டீயோ எடுத்திருந்தால் அந்த எண் குழப்பும். அன்று மாலைச் சிற்றுண்டிக்கு முன் ஒரு முறை பார்த்து, இன்ன காரணத்தால் நேரம் மாறியது என்று எழுதி வையுங்கள். இரண்டு முறை பார்க்க வசதியில்லை, ஸ்ட்ரிப் செலவு தாங்கவில்லை என்றால், முதல் சில வாரங்களில் காலையை விட்டுவிட்டுப் பிற்பகலைப் பாருங்கள். காலை அளவு எப்படியும் லேப் அறிக்கையில் வந்துவிடும்.

இது வீட்டுக் கணக்கு. லேப் பரிசோதனைக்கு, சிறுநீரக நோய்களுக்கான பன்னாட்டு வழிகாட்டி 2009-இல் வகுத்த குறைந்தபட்ச அட்டவணை ஒன்று உண்டு: முதல் நான்கு வாரங்கள் வாரம் ஒரு முறை, முதல் ஆண்டு முடியும்வரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அதன் பின் ஆண்டுக்கு ஒரு முறை. உறுப்பை உடல் தாக்காமல் காக்கும் மருந்துகளான டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், ஸ்டீராய்டு, சிரோலிமஸ் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைப் புதிதாகத் தொடங்கினாலோ கணிசமாகக் கூட்டினாலோ அப்போதும் பார்க்க வேண்டும் என்று அதே வழிகாட்டி சொல்கிறது. உறுப்பு நிராகரிப்புக்காக, அதாவது புதிய சிறுநீரகத்தை உடல் தாக்கத் தொடங்கியதற்காக, மெத்தில்ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி மூன்று நாள் போடப்படும் சமயத்தில் சர்க்கரை திடீரென எகிறும். அந்த நாட்களிலும் அடுத்த ஒரு வாரமும் நாளுக்கு நான்கு முறை பார்ப்பது மிகையாகாது.

விரலில் பார்க்கும் முறை

கையைச் சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது கழுவுவதற்கு ஈடாகாது. மாம்பழமோ வாழைப்பழமோ உரித்த விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரை ஸ்பிரிட்டில் முழுவதும் போகாது. துளி இரத்தத்தில் அது கலந்தால் இல்லாத சர்க்கரையைக் கருவி காட்டும். விரல் நுனியின் நடுவில் குத்தினால் வலி அதிகம். பக்கவாட்டில் குத்துங்கள், தினமும் விரலை மாற்றுங்கள். இரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழியாமல், கையைத் தாழ்த்தி உள்ளங்கையிலிருந்து மெல்ல நீவினாலே துளி வந்துவிடும்.

ஊசியை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தக்கூடாது. இன்னொருவரின் குத்தும் பேனாவை வாங்கிக் குத்திக்கொள்ளவும் கூடாது. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்கு இதில் சலுகையே கிடையாது. நாங்கள் அன்று புது ஊசி மாற்றினோம் என்றாலும், பேனா அம்மாவுடையது. அதுவே தவறு என்று பின்னர் அறிந்து அண்ணனுக்குத் தனியாக ஒன்று வாங்கினோம். பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் சேர்த்து, மருத்துவமனைக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.

ஸ்ட்ரிப் குப்பியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். காற்றின் ஈரம் பட்டால் ஸ்ட்ரிப் கெட்டுவிடும் என்பதால் ஒன்றை எடுத்ததும் மூடிவிட வேண்டும். சமையலறையிலோ குளிர்சாதனப் பெட்டியிலோ வைக்க வேண்டாம்.

இவ்வளவு கவனித்தாலும் கருவிக்கென்று ஓர் எல்லை இருக்கிறது. 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை கூடியோ குறைந்தோ காட்டுவதைக் கருவிகளுக்கான பன்னாட்டுத் தர நெறியே அனுமதிக்கிறது. உண்மை அளவு 200 என்றால் கருவியில் 170-உம் வரலாம், 230-உம் வரலாம். இரத்தசோகை இருந்தால் பல கருவிகள் சற்றுக் கூட்டியே காட்டும். அறுவைக்குப் பின் முதல் மாதங்களில் இரத்தசோகை மிகச் சாதாரணம். எனவே குளுக்கோமீட்டர் எச்சரிக்கை மணியாக மட்டுமே பயன்படும். நோய் இருக்கிறதா என்று முடிவு கட்ட, லேபில் இரத்தக்குழாயிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும்.

லேபுக்குப் போகும் நாள்

முந்தின இரவு சாப்பிட்டு எட்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். வெறும் தண்ணீர் குடிக்கலாம். அன்றே இரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவும் பார்க்கப்போகிறார்கள் என்றால், காலை மாத்திரையை வீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். இரண்டு வேளை எடுப்பவர்களுக்கு, முந்தின இரவு மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த மாத்திரைக்கு முன் எடுக்கும் இரத்தமே சரியான அளவைச் சொல்லும். மாத்திரையைக் கையோடு எடுத்துச் சென்று, இரத்தம் கொடுத்த உடனே போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பரிசோதனைக்கும் ஒரே குத்தல் போதும். டாக்ரோலிமஸ் அளவு கூடியிருக்கும் வாரத்தில் சர்க்கரையும் கூடியிருக்க வாய்ப்புண்டு என்பதால், இரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் எழுதி வைப்பது மருத்துவருக்குப் பெரிய உதவி.

சர்க்கரைக்கான இரத்தத்தைச் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் எடுக்கிறார்களா என்று கவனியுங்கள். இரத்த அணுக்கள் குழாய்க்குள்ளும் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும்; சாதாரணக் குழாயில் ஒரு மணி நேரத்துக்கு 5 முதல் 7 சதவீதம் வரை அளவு குறையக்கூடும். அதைத் தடுக்கும் ஃப்ளூரைடு சாம்பல் மூடிக் குழாயில்தான் உண்டு. வீட்டுக்கு வந்து இரத்தம் எடுத்துச் செல்பவர்களிடம் இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

காலை அளவு ஒழுங்காகவும் பிற்பகல் அளவு சந்தேகமாகவும் இருந்தால், குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனையை மருத்துவர் எழுதலாம். வெறும் வயிற்றில் ஒரு முறை இரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை ஐந்து நிமிடத்துக்குள் குடித்து, இரண்டு மணி நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்து மீண்டும் இரத்தம் கொடுக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று நாட்கள் வழக்கம்போலவே சோறும் இட்லியும் சாப்பிடுங்கள். பயந்துபோய்ப் பட்டினி கிடந்தால் முடிவு தவறாகும்.

எச்பிஏ1சி எப்போது நம்பத்தக்கது

மூன்று மாத சராசரி என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி, சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை அளக்கிறது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அறுவையில் இரத்தம் இழந்து, வேறொருவர் இரத்தம் ஏற்றி, சிவப்பணுக்களை ஊறச் செய்யும் எரித்ரோபாய்டின் ஊசியும் இரும்புச்சத்தும் பெற்று, புதிய சிறுநீரகத்தின் உதவியால் புதுப்புது அணுக்கள் பிறந்துகொண்டிருக்கும் உடம்பில் இந்தக் கணக்கு தவறிவிடும். பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். ஆகவே முதல் மூன்று மாதங்களில் எச்பிஏ1சி 5.4 என்று வந்தால் அதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். அதற்குப் பின்னும், ஹீமோகுளோபின் ஒரு நிலைக்கு வந்தபிறகே அதற்கு மதிப்பு. அப்போதுகூட 6.5-க்கு மேல் வந்தால் நம்பலாம்; குறைவாக வந்தால் சர்க்கரை இல்லை என்று உறுதியாகிவிடாது.

எண்களைப் படிப்பது

லேப் அளவில், வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 200 அல்லது அதற்கு மேல், அறிகுறிகளோடு எந்த நேரத்திலும் 200 அல்லது அதற்கு மேல், எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்பவை சர்க்கரை நோய்க்கான வரம்புகள். அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு நாள் எடுத்தும் உறுதி செய்வார்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, குளுக்கோஸ் குடித்தபின் 140 முதல் 199 வரை என்றால் அது விளிம்பு நிலை. வீட்டுக் கருவியில் பிற்பகல் அளவு இரண்டு நாள் தொடர்ந்து 200-ஐத் தொட்டால், அடுத்த சந்திப்புவரை காத்திராமல் தொலைபேசியில் தெரிவியுங்கள்.

அறுவை முடிந்த முதல் வாரங்களில் ஸ்டீராய்டு அளவு மிக அதிகம் என்பதால் ஏறக்குறைய எல்லோருக்குமே சர்க்கரை ஏறும். மருத்துவமனையிலேயே இன்சுலின் போடுவார்கள். அதை நிரந்தர நோய் என்று அப்போதே பெயரிடுவதில்லை. வீடு திரும்பி, மருந்துகள் தொடரும் அளவுக்கு இறங்கி நிலைபெற்று, குறைந்தது ஆறு வாரமாவது ஆன பிறகே மருத்துவர்கள் அந்த முடிவுக்கு வருகிறார்கள். இன்சுலின் ஒரு முறை தொடங்கினால் வாழ்நாள் முழுவதும் விட முடியாது என்ற அச்சத்தால் பலர் முதல் ஊசியையே மறுக்கிறார்கள். ஸ்டீராய்டு குறையக் குறைய இன்சுலினும் குறைந்து, பிறகு தேவையே இல்லாமல் போனவர்கள் உண்டு. களைத்துப் போன பீட்டா செல்களுக்கு அது ஓய்வு கொடுக்கிறது. தயவுசெய்து அந்த ஊசியை மறுக்காதீர்கள்.

உடனே அழைக்க வேண்டிய நேரம்

300-க்கு மேல் இரண்டு முறை வந்தாலோ, எண்ணுக்குப் பதில் ‘ஹை’ என்று கருவி காட்டினாலோ, சர்க்கரை அதிகமாக இருக்கும்போது வாந்தி, காய்ச்சல், அயர்ச்சி சேர்ந்தாலோ, இரவாக இருந்தாலும் மருத்துவமனையை அழையுங்கள். வாந்தி என்றால் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரையும் வெளியே போயிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்கு 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். அவசரத்துக்கு இளநீர் கொடுப்பது நம் வழக்கம். டாக்ரோலிமஸ் எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் ஏற்கெனவே கூடியிருக்கலாம் என்பதால் இளநீரைத் தவிர்த்துச் சர்க்கரைத் தண்ணீரே கொடுங்கள். மெட்டோப்ரோலால் போன்ற இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்கு, சர்க்கரை இறங்கும்போது படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் வியர்வை மட்டும் தெரியலாம்.

தாமாகச் செய்யக்கூடாதவை

சர்க்கரை வந்ததற்கு டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும்தான் காரணம் என்று தெரிந்ததும் அவற்றைக் குறைத்துக்கொள்ளத் தோன்றும். ஒரு வேளைகூடக் குறைக்காதீர்கள். சர்க்கரைக்கு மருந்து இருக்கிறது, போன சிறுநீரகத்துக்கு மருந்து இல்லை. அம்மாவுக்கு எழுதிய சர்க்கரை மாத்திரையை எடுத்துப் போடுவதும் ஆபத்து. கிரியாட்டினின் அளவைப் பார்த்தே மாத்திரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிறுநீரகம் முழுத்திறனில் இல்லாதபோது கிளிபென்கிளமைடு போன்றவை சர்க்கரையை நெடுநேரம் தாழ்த்திவிடும்.

பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளுகோனசோல், இரத்த அழுத்தத்துக்கான டில்டியாசெம், கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகள் டாக்ரோலிமஸ் அளவைக் கூட்டிவிடும். பம்பளிமாஸ் பழமும் அப்படித்தான். பக்கத்துத் தெரு மருத்துவரிடம் காய்ச்சலுக்குப் போனாலும் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சிறுகுறிஞ்சான், நாவல்கொட்டைப் பொடி போன்றவற்றை யார் அன்போடு கொண்டுவந்து கொடுத்தாலும், சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் வாயில் போட வேண்டாம்.

குறிப்பேடும் அடுத்த ஆண்டுகளும்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, நேரம், சர்க்கரை, என்ன சாப்பிட்டார், அன்றைய ப்ரெட்னிசோலோன் அளவு, கடைசி டாக்ரோலிமஸ் அளவு, உடல் எடை ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள். அண்ணனின் நோட்டில், ப்ரெட்னிசோலோன் 20 மில்லிகிராமிலிருந்து 10-க்கு இறங்கிய வாரங்களில் மாலை எண்களும் கூடவே இறங்கியதைப் பக்கம் புரட்டியே பார்க்க முடிந்தது. அதைப் பார்த்துத்தான் மருத்துவர் இன்சுலினைப் படிப்படியாகக் குறைத்தார்.

சர்க்கரை நோய் உறுதியானவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை கண்ணின் விழித்திரை, கால் உணர்ச்சி, சிறுநீரில் அல்புமின், கொலஸ்ட்ரால் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உறுதியாகாதவர்களுக்கு முதல் ஆண்டு நல்லபடியாகக் கழிந்தாலும் ஆண்டுப் பரிசோதனை நிற்கக்கூடாது. இடையில் மருந்து மாறினாலோ, எடை சில கிலோ ஏறினாலோ, நிராகரிப்புக்குச் சிகிச்சை நடந்தாலோ, அலமாரியில் இருக்கும் குளுக்கோமீட்டரை எடுத்து, ஸ்ட்ரிப்பின் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ஒரு வாரம் பாருங்கள்.